சின்னத்துரை சுற்றமாட்டார்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னையும் அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து, கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் மாலையும் போட்டீர்கள். மிக்க நன்றி. மாலையை என் மருமகள் சாமி படத்துக்குப் போட்டுவிட்டாள். நான் உயிரோடு இருக்கும்போதே மாலையை என் படத்துக்குப் போடாமல் விட்டாளே, அந்தமட்டில் சந்தோஷம்.

அன்று கொழும்பிலிருந்து வந்து பேசிய கனவானை நான் மறக்கவில்லை. கழுத்தில் டை, கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற குச்சி. தோட்ட நிர்வாகத்தைக் கிரிக்கெட்டிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கப்டன் எப்படி, களத்தடுப்பு எப்படி, அணி உணர்வு எப்படி என்று வட்டம் வட்டமாகப் படம் போட்டார். அவருடைய சப்பாத்தில் ஒரு துளி சேறு கிடையாது. அட்டை கடித்த தழும்பு இருக்கிறதா என்று கால்சட்டையைத் தூக்கிப் பார்க்க எனக்கு ஆசை, மரியாதைக்காக அடக்கிக்கொண்டேன். நீங்கள் எல்லோரும் மும்முரமாகக் குறிப்பெடுத்தீர்கள். தேத்தண்ணி இடைவேளையில் மட்டும் பேனாவை மூடிவிட்டீர்கள். அன்று உருப்படியாகக் கற்பதற்கு இருந்தது அந்த இடைவேளை ஒன்றுதான். ஏன் என்று சொல்கிறேன்.

கனவான் சொன்னது பொய்யில்லை. விளையாட்டிலிருந்தும் சினிமாவிலிருந்தும் பாடம் படித்துத்தான் நாங்களும் வேலை பார்த்தோம். எங்களுக்குப் படம் போட்டுக் காட்ட ஆளில்லாததால் பாடத்தை அடிபட்டுப் படித்தோம்.

அறுபதுகளின் பின்பாதி. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். நான் அங்கே கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தேன். உங்களை இப்போது வெளிக்கள உத்தியோகத்தர் என்கிறார்கள். பெயர் நீண்டிருக்கிறது, மலையின் சரிவு குறையவில்லை. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் வேலை என்று சொல்லி அனுப்புகிற பெரட்டு என் பொறுப்பு.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு குழப்பம். ஆட்கள் என்னைக் கண்டால் பயப்படவில்லை. பதுளை டவுனுக்குப் போய் ஒரு படத்தை இரண்டு தரம் பார்த்தேன். அதில் கதாநாயகன் ஒரு மேட்டில் ஏறி நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையால் முடியைக் கோதி, "உழைப்பாளிகளே!" என்று தொடங்குவான், கூட்டம் கட்டுண்டு நிற்கும். திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் நானும் ஒரு கல்லின்மேல் ஏறினேன். இடுப்பில் கை வைத்தேன். முடியைக் கோதினேன். "உழைப்பாளிகளே!" என்றேன்.

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்த அங்கம்மா என்ற கொழுந்துக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"பாட்டு எப்பங்கய்யா வரும்?" என்று கேட்டாள்.

களம் முழுவதும் சிரித்தது. அவளுடைய வீட்டுக்காரன் செல்லமுத்து சிரித்த சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. அவன் சிரிப்பு சாதாரணச் சிரிப்பல்ல. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் சங்கு ஊதினால் எப்படி ஆட்கள் குடியிருக்கிற எல்லா லயத்துக்கும் கேட்குமோ, அப்படிக் கேட்கும். அன்றோடு கல்லில் ஏறுவதை நிறுத்தினேன். கல் இன்னும் அங்கேயே இருக்கிறது. உங்களில் யாருக்காவது ஆசை இருந்தால் ஏறிப் பார்க்கலாம்.

எனக்கு வேலை பழக்கியவர் பெரிய கிளாக்கர். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகளில் இரண்டு பேர் வக்கீல்கள். மனிதருக்கு வேலையில் பிரியம் குறைவு, சினிமாவில் பிரியம் அதிகம். டவுனுக்கு எந்தப் படம் வந்தாலும் அவருக்குப் பல்வலி வந்துவிடும். முப்பத்திரண்டு பல்லுக்கும் வலி வந்து முடிந்தபின் காது வலிக்கத் தொடங்கியது. அவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒரே ஒரு விஷயம்.

"தம்பி, படத்துல எப்ப இடைவேளை விடுறான்னு கவனிச்சிருக்கியா? கதாநாயகி கழுத்துல கத்தி இருக்கிறப்பதான் விடுறான். நம்ம வெளிய போயி கச்சான் கொட்டை வாங்கித் தின்னுட்டு வந்தாலும் கத்தி அங்கேயேதான் இருக்கும். ஆனா பாக்கிறவன் மனசு ஆறிப்போயிருக்கும். ஒருத்தனும் எந்திரிச்சு வீட்டுக்கும் போகமாட்டான். தொரை கோபமா இருக்கிறப்ப முடிவு கேக்காத. இடைவேளை விடு."

இதைச் சொல்லிவிட்டுப் பல்லைப் பிடித்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார்.

இனி சின்னத்துரைக்கு வருகிறேன். தோட்டத்தை நடத்தப் பெரியதுரை ஒருவர், அவருக்கு உதவியாக சின்னத்துரை ஒருவர். சின்னத்துரை கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு அந்த வருடம்தான் வந்த இளைஞர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தன்னைப் பார்த்து எவனும் சிரித்துவிடக்கூடாது என்ற ஒரு பயம்தான் அவருக்கு. அந்தப் பயம் உள்ளவர்களைத்தான் தெய்வம் தேடிப்பிடித்து வழுக்கி விழவைக்கும்.

விழுந்தார். மழைக்காலத்துக் காலைப் பெரட்டு. புதுச் சப்பாத்தோடு படிக்கட்டில் மிடுக்காக இறங்கி வந்தவர், கடைசிப் படியில் காலை நீட்டி, மல்லாந்து, சறுக்கிக்கொண்டே போய்த் தண்ணீர் ஓடுகிற கானில் உட்கார்ந்தார். தொப்பி மட்டும் மேலே படியில் நின்றது. எல்லோரும் சிரிப்பை விழுங்கினோம். கங்காணி ஒருவர் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று ஆராய்ந்தார். செல்லமுத்துவால் மட்டும் முடியவில்லை. சங்கு ஊதிவிட்டது.

"என்னா மேன், என்னா சிரிக்கிறது? நான் சேர்க்கஸ் காட்டுறதா?" என்றார் சின்னத்துரை, கானில் இருந்தபடியே.

அன்று மத்தியானமே செல்லமுத்துவின் வேலைச் சீட்டுக் கிழிந்தது. ஒழுங்கீனம் என்று காரணம் சொன்னார்கள். புருஷனுக்கு வேலை போனால் பெண்சாதிக்கும் வேலை இல்லை. இருவருக்கும் வேலை இல்லையென்றால் லயத்தில் குடியிருக்கிற ஓர் அறைக் காம்பராவும் இல்லை. மாத முடிவுக்குள் பிள்ளை குட்டிகளோடு வெளியேற வேண்டும். அந்த வருடங்களில் அப்படி வெளியேறியவனை அடுத்த தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். அவனுக்கு மிச்சமிருந்தது இந்தியாவுக்குப் போகிற கப்பல்தான். அவர்களில் யாரும் இந்தியாவைப் பார்த்ததில்லை. ஒரு சிரிப்புக்கு இவ்வளவு.

நான் பெரியதுரையிடம் போய்ப் பேசினேன். கோபமாக இருக்கும்போது முடிவு கேட்காதே என்று கிளாக்கர் படித்துப் படித்துச் சொல்லியும் போய்க் கேட்டேன். முடிவு உடனே கிடைத்தது.

இந்த நேரத்தில்தான் கரப்பந்தாட்டம், அதாவது வொலிபோல், குறுக்கே வந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கிடையில் வருடத்துக்கு ஒருமுறை பதுளை மைதானத்தில் போட்டி. துரைமார் கிளப்பில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதற்காக நாங்கள் வெயிலில் குதிப்போம். நம் பெரியதுரைக்கு அந்தக் கோப்பைமேல் கண். பக்கத்துத் தோட்டத்துத் துரை அதைத் தொடர்ந்து வென்று, கிளப்பில் அதில்தான் பியர் ஊற்றிக் குடிக்கிறார் என்று கேள்வி. எங்கள் அணியில் வலைக்கு மேலே எழும்பி அடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன்தான் செல்லமுத்து. கப்டன் யார் என்று கேட்கிறீர்களா? அந்தக் கனவானிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார். சின்னத்துரை.

செல்லமுத்து இல்லாமல் பழகிப் பார்த்தோம். தோட்டப் பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் தோற்றோம். அதில் ஒருவனுக்கு அம்மை போட்டு அப்போதுதான் தலைக்குத் தண்ணீர் வார்த்திருந்தது.

பெரியதுரை கிளாக்கரைக் கூப்பிட்டார். கிளாக்கர் என்னைக் கூப்பிட்டார். போட்டி விதிப்படி, ஆடுகிறவன் அந்தத் தோட்டத்து ஆளாக இருக்க வேண்டும். அன்று காலை பெரட்டில் அவன் பெயர் கூப்பிட்டிருக்க வேண்டும். யாரோ ஒரு துரை டவுனிலிருந்து ஆட்களை இறக்கியதால் வந்த விதி. ஆகவே செல்லமுத்துவுக்குப் போட்டி நடக்கிற சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் வேலை கொடுக்க உத்தரவு.

சொல்லப் போனேன். காம்பராவில் அங்கம்மா சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். செல்லமுத்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஒரு நாளைக்கு மட்டுமா?" என்றாள் அங்கம்மா. "ஏங்கய்யா, திருவிழாவுக்குக் குழாய் வாடகைக்கு எடுக்கிறாப்பலயா? பாட்டு முடிஞ்சதும் கழட்டிக்கிட்டுப் போயிருவீங்க?"

"என்னால முடிஞ்சது அவ்வளவுதான் அங்கம்மா."

"அவரு வருவாரு. ஆனா நானும் வருவேன். எல்லாரும் நிக்கிறப்ப எங்க ரெண்டு பேரு பேரையும் சத்தமா கூப்பிடணும். எனக்கும் மலை சொல்லணும். சொன்னாத்தான் அவரு லொறியில ஏறுவாரு."

எனக்கு அதற்கு அதிகாரம் கிடையாது. அவளைக் கூப்பிட்டால் என் சீட்டும் கிழியலாம். கூப்பிடாவிட்டால் அவன் வரமாட்டான். அவன் வராவிட்டால் கோப்பை போகும். கோப்பை போனால் பெரியதுரை யார்மேல் பாய்வார் என்று யோசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. எப்படியும் அடி உறுதி என்றால், மனசுக்குப் பிடித்த காரணத்துக்காக வாங்குவோம் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலை இரண்டு பெயரையும் கூப்பிட்டேன். அங்கம்மா கூடையை மாட்டிக்கொண்டு நேராகக் கொழுந்து மலைக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கிளாக்கர் என் காதருகே வந்தார். "கௌரவ வேஷத்துக்கு ஒரு ஆளக் கேட்டா, நீ குடும்பப் படமே எடுக்கிறியேப்பா!"

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கரப்பந்தில் ஆறு பேரும் ஒரே இடத்தில் நிற்க முடியாது. எதிர்ப்பக்கத்திடமிருந்து சர்வீஸ் நம் கைக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொருவரும் ஓர் இடம் நகர்ந்து சுற்ற வேண்டும். வலையருகே நின்று பெயர் வாங்கியவன், முறை வந்தால் பின்னால் போய்க் குனிந்து பந்து எடுக்க வேண்டும். உலகம் முழுவதும் இதுதான் சட்டம். எங்கள் தோட்டத்தில் ஒரு சின்னத் திருத்தம் இருந்தது. ஐந்து பேர் சுற்றுவோம். சின்னத்துரை சுற்றமாட்டார். வலைக்கு முன்னால் நடுவில் நிற்பார். நாங்கள் கோயிலைப் பிரதட்சிணம் செய்வதுபோல் அவரைச் சுற்றி வருவோம். துரை பின்னால் நிற்பதாவது! யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நாளடைவில் எங்களுக்கே அதுதான் சட்டம் என்று ஆகிவிட்டது.

பதுளை மைதானத்தில் நடுவராக நின்றவர் டவுன் பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருவர், தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர். எங்கள் முதல் சுற்றிலேயே விசில் ஊதினார்.

"சுத்தல்ல பிழை. பந்து அந்தப் பக்கம்."

மறுபடி சுற்றினோம். மறுபடி விசில். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது தரம் மாஸ்டர் ஏணியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"என்ன வாப்பா இது? அஞ்சு பேர் சுத்துறீங்க, ஒரு ஆள் கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறாரு. அவரும் சுத்தணும்."

"அவர் சின்னத்துரை மாஸ்டர்," என்றேன் நான். அணிக்கு மேலாளர் என்ற பெயரில் தண்ணீர்க் குடத்துக்குக் காவல் நின்றவன் நான்தான்.

"யாராயிருந்தா என்ன, பந்துக்குத் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் ஏணியில் ஏறிக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டத்துத் துரை குடைக்குக் கீழே உட்கார்ந்து புன்னகை செய்துகொண்டிருந்தார். சின்னத்துரையின் முகம் செக்கச் சிவந்துவிட்டது. இந்த நேரத்தில் "பின்னால் போங்கள்" என்று சொன்னால் மைதானத்தை விட்டே போய்விடுவார். நான் கையைத் தூக்கி இடைவேளை கேட்டேன். எல்லோருக்கும் தோடம்பழம் வெட்டிக் கொடுத்தேன். வாயில் பழம் இருக்கும்போது எவனாலும் கோபப்பட முடியாது. பழம் தீர்ந்தபின், யாரிடமும் எதுவும் சொல்லாமல், பின்வரிசையில் காலியாக இருந்த இடத்தைக் கையால் துடைத்துச் சுத்தம் செய்வதுபோல் பாவனை செய்தேன். சின்னத்துரை பார்த்தார். மெதுவாக நடந்துபோய் அங்கே நின்றார்.

அதன்பின் நன்றாகவே ஆடினோம். செல்லமுத்து அடித்த அடியில் எதிர்ப்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் வலையருகே வரப் பயந்தார்கள். ஒரு விஷயம் மட்டும் எனக்கு விசித்திரமாகப் பட்டது. அவன் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. தோடம்பழத்தையும் வேண்டாம் என்று தலையாட்டினான். வாயை இறுக்கி மூடியபடி ஆடினான். வைராக்கியம் என்று நினைத்தேன்.

கடைசி செட்டில் கடைசிப் புள்ளி. சின்னத்துரை பின்வரிசையில், அவருக்குப் பக்கத்தில் செல்லமுத்து. பந்து நேரே சின்னத்துரைக்கு வந்தது. ஓடினார். காலை நீட்டினார். மல்லாந்தார். அன்றைக்குப் பெரட்டுக் களத்தில் எப்படி விழுந்தாரோ, ஒரு அசைவு பிசகாமல் அப்படியே விழுந்தார். பந்து அவர் நெற்றியில் பட்டு எகிறி மைதானத்துக்கு வெளியே போனது.

மைதானமே சிரித்தது. நான் சிரித்தேன். கிளாக்கர் பல்வலியை மறந்து சிரித்தார். எங்கள் பெரியதுரை நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கோப்பை போய்விட்டது என்று அவருக்கு உறைக்கச் சற்று நேரமானது. செல்லமுத்து குனிந்து, இரண்டு கையையும் கொடுத்து, சின்னத்துரையைத் தூக்கி நிறுத்தினான். அவர் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

லொறி திரும்பி வருமுன் செய்தி லயத்துக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை பெரட்டில் செல்லமுத்துவும் அங்கம்மாவும் வரிசையில் நின்றார்கள். ஒரு நாள் வேலை முடிந்துவிட்டது. கோப்பையும் இல்லை. உங்களுக்கு வேலையில்லை என்று நான்தான் சொல்ல வேண்டும். மற்ற எல்லாப் பெயரையும் கூப்பிட்டு, எல்லோருக்கும் மலை சொல்லி முடித்தேன். அவர்கள் இருவரும்தான் பாக்கி. கிளாக்கர் சொன்னது ஞாபகம் வந்தது. இடைவேளை விட்டேன். பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, சும்மா நின்றேன்.

ஒருவரும் அசையவில்லை. கொழுந்துப் பெண்கள் கூடையைத் தூக்கவில்லை. கவ்வாத்து வெட்டுகிற ஆட்கள் கத்தியை எடுக்கவில்லை. கிளாக்கர் சொன்னது சரி. கழுத்தில் கத்தி இருக்கும்போது எவன் எழுந்து போவான்?

வெகுநேரமாகியும் மலையில் ஆளைக் காணாமல், பெரியதுரை சின்னத்துரையோடு களத்துக்கு வந்தார்.

"ஏன் மேன் ஆள் இன்னும் மலைக்குப் போகல்லை?"

துரைமாரோடு நாங்கள் இங்கிலீஷில் பேசுவதுதான் வழக்கம். அன்று எல்லோருக்கும் விளங்கட்டும் என்று தமிழில் பதில் சொன்னேன். "ரெண்டு பேருக்கு வேலை இல்லைன்னு சொல்லணும் தொரை. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அங்கம்மா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"சலாங்க தொரை. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். சின்னத்தொரை விழுந்தப்ப சிரிச்சாருன்னுதான இவரு சீட்டக் கிழிச்சீங்க? சனிக்கெழமையும் சின்னத்தொரை விழுந்தாராம். கணக்கப்பிள்ளை ஐயா சிரிச்சாராம். கிளாக்கர் ஐயா சிரிச்சாராம். இன்னும் பெரியவங்கல்லாம்..." அங்கே நிறுத்திக்கொண்டாள். "அம்புட்டுக் கூட்டத்துல சிரிக்காத ஆளு ஒருத்தருதான் தொரை. அவருக்கு மட்டுந்தானா வேலை இல்ல?"

பெரியதுரை தொப்பியைக் கழற்றி உள்ளே ஏதோ தேடினார். சின்னத்துரை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் சற்றும் எதிர்பாராமல், அவர்தான் வாயைத் திறந்தார்.

"அந்த மேன்தான் என்னைத் தூக்கினது," என்றார்.

பெரியதுரை தொப்பியை மாட்டிக்கொண்டார். "கணக்கப்பிள்ளை, மழை வருது. பேர் கூப்பிடு."

கூப்பிட்டேன். வேலை பார்த்த இத்தனை காலத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் இரண்டு பெயரைக் கூப்பிட்டதில்லை. அதற்கப்புறம் எங்கள் களத்தில் சின்னத்துரையும் சுற்றினார். கோப்பையை நாங்கள் கடைசிவரை வெல்லவில்லை. டை கட்டிய கனவான் மறுபடி வந்தால், அவருடைய வட்டத்தில் கப்டனும் சுற்றுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. எவருடைய சீட்டும் கிழியாமலே, இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, தலைக் கணக்குப் பார்த்து ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றின. செல்லமுத்து குடும்பத்துக்கும் முறை வந்தது. ஹாலிஎல ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். கோச்சி நிறைய அழுகை. பிளாட்பாரத்தில் அதைவிட அழுகை. என்ன பேசுவதென்று தெரியாமல், வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"செல்லமுத்து, அன்னைக்குப் பதுளையில எப்படிய்யா நீ சிரிக்காம நின்ன?"

அவன் அங்கம்மாவைப் பார்த்தான்.

"எங்கய்யா? வகுறு வெடிக்கிறாப்பல சிரிப்பு. இவதான் கிரவுண்டுல கால வைக்கிறப்பவே வாய் நெறைய வெத்தலைய அடக்கிக்கணும், லொறி ஏறுற வரைக்கும் தெறக்கக்கூடாதுன்னு பிள்ளைக மேல சத்தியம் வாங்கியிருந்தா. தெறந்திருந்தா சின்னத்தொரை வெள்ளச் சட்டை செவத்திருக்கும்!"

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அந்தப் பழைய சங்குச் சிரிப்பு. அழுதுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. நான் அவன் தோளைத் தொட்டு, "மெதுவாய்யா, எல்லாரும் பாக்கிறாங்க," என்றேன்.

"விடுங்கய்யா, சிரிக்கட்டும்," என்றாள் அங்கம்மா. கோச்சி நகர்ந்துவிட்டது. "இனிமே எடுக்கிறதுக்கு எங்ககிட்ட என்ன இருக்கு?"